பூச்சி நோட்டின் ஜெராக்ஸ்

திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பழத்தோப்பு உண்டு. மா, கொய்யா, சப்போட்டா என்று முப்பது மரம் தேறும். இலையின் மேல்பக்கமெல்லாம் கரித்தூசி. புரட்டிப் பார்த்தால்தான் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும்.

வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். முசுறு, பொறிவண்டு, கும்பிடுபூச்சி, மாவுப்பூச்சி, பழ ஈ. கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன், எந்தத் தேதி, எந்த மரம், எந்தக் கிளை என்பது உட்பட. இரண்டு வருடத்தில் எழுபது வகையைத் தாண்டியது. பெயர் தெரியாததற்கு நானே பெயர் வைத்தேன். என் செல்லம் கொசுத்தேனீ. கொட்டாது. கிழக்கு மூலை மாமரப் பொந்தின் வாசலில் மெழுகால் ஒரு சின்னக் குழல் கட்டியிருந்தது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரே கூட்டாளி எதிர்வீட்டு அக்கா. மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. மற்றவர்கள் சிரித்தபோது அவள்தான் எனக்காகக் கிளையை வளைத்துப் பிடித்தாள்.

ஒரு நாள், "அந்த நோட்ட குடுமே, எங்க வூட்டுக்காரருக்குக் காட்டிட்டுத் தரேன்" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின வாரம்தான் அவள் பேத்திக்குக் கம்பளிப்பூச்சி பட்டு உடம்பெல்லாம் தடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தியில்லை.

அடுத்த ஞாயிறு காலை, முதுகில் மருந்து டப்பா கட்டிய ஆள் தோப்பில் நின்றார். கையில் என் நோட்டின் ஜெராக்ஸ். அதன் தலையில் அக்காவின் கையெழுத்தில், 'பூச்சித் தொல்லை, ஆபீஸ் கவனத்துக்கு.'

"நீங்க எழுதினதாக்கா? சோக்கா கீது. எந்த மரத்துல இன்னா கீதுன்னு தேடுற பேஜாரே இல்ல" என்றார் என்னிடம். பாவம், பாராட்டத்தான் செய்தார். நேராகக் கிழக்கு மூலைக்குப் போனார். வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஓடினேன். "ஆபீஸ் ஆர்டருக்கா" என்று மெழுகுக் குழலைத் தட்டிவிட்டுப் பொந்துக்குள் மருந்தடித்தார்.

அக்காவைக் கேட்டேன்.

"பூச்சி பூச்சின்னு நீதானேமே எழுதின? பூச்சின்னா மருந்து அடிக்காம கொஞ்சுவாங்களா?" என்றாள்.

எழுபது பெயரும் அவளுக்கு அந்த ஒரே சொல்தான். கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். துரோகி என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். அதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை.

அதன்பிறகு மாதா மாதம் மருந்தடிக்கிறார்கள். இந்த வருடம் மா நன்றாகத்தான் பூத்தது, பிஞ்சு நிற்கவில்லை. போன வாரம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு காய் கூட பிடிக்கலியேமே. இன்னா ஆச்சுன்னு உன் நோட்டுல பாத்து சொல்லேன்."

நோட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகும் நான் ஒரு நாள் விடாமல் தோப்புக்குப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகான பக்கங்களை அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் தேதி மட்டும்தான் இருந்தது.