கட்டுச்சோற்று வண்டியும் ஒரு பால் ஜாயின்ட்டும்

வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன் ரோட்டில் நிம்மதியாக நடக்க முடியாது. மற்றவர்கள் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள், இவன் கண் வண்டியின் முன்சக்கரத்துக்குப் போய்விடும். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டின் மேல் கடை போட்ட நாளிலிருந்து எனக்கு இந்த வியாதி. கெட்ட சேதியை முதலில் பார்த்து, அதை நம்பாதவரிடமே எடுத்துச் சொல்ல வேண்டிய வேலையில் இருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். பல் டாக்டர், வீட்டில் கரையான் பார்க்கிறவர், கணக்கு வாத்தியார் எல்லோரும் நம் ஜாதிதான்.

கண் போகிற இடம்

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது, மேளம் கொட்டுகிறது, பூ ஜோடித்த கார் ஊர்ந்து வருகிறது. இடது முன்சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் குனிந்து தேடினார்.

என் மனைவி செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சொன்னாள்: "கல்யாணத்துக்கு வந்தா மாப்பிள்ளையப் பாருங்க, மாப்பிள்ளை வந்த வண்டியப் பாக்காதீங்க!"

மண்ணின் மேல் பழி

எங்கள் ஊர்ப்பக்கக் கரிசல் மண் நனைந்தால் பசை, காய்ந்தால் செங்கல். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் வண்டி போய் வந்தால் சக்கரத்தின் உள்வட்டத்தில் மண் அப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் கனம் கூடிப்போய் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். மண்ணைக் கொத்தி எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் இங்கே ஸ்டியரிங் எதற்காக ஆடினாலும் முதல் வைத்தியம் மண்ணைக் கொத்துவதுதான். பாதிப் பேருக்கு அதுவே கடைசி வைத்தியமும்.

எப்போதும்வென்றான் என்கிற ஊரைச் சேர்ந்த வேலுச்சாமி அண்ணாச்சி மானாவாரி விவசாயி. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வைத்திருக்கிறார். உரமூடை, உளுந்து விதை, பேரப்பிள்ளைகள் எல்லாம் அதில்தான். கார்த்திகையில் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம், ஸ்டியரிங் கையில் நிற்க மாட்டேன் என்கிறதாம். மழை தொடங்கியதிலிருந்து தினமும் களைக்கொத்தியால் மண்ணைக் கொத்திக் கொத்திப் பார்த்தாராம், நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாத்தூரில் மகளுக்கு வளைகாப்பு. கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைத்தாச்சியைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

அண்ணாச்சி சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்: "மண்ணெல்லாம் தட்டிட்டேன் தம்பி, அலைன்மென்ட் மட்டும் பாத்து விடுங்க, வேற எதையும் நோண்டாதீங்க."

கழுவிக் கெடுத்தவன்

களைக்கொத்திக்கு எட்டாத இடத்தில் மண் இன்னும் இருந்தது. மண் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் பார்க்க முடியாது. தண்ணீரை வேகமாகப் பீச்சி அடியில் கழுவினோம். பிறகு என் மெக்கானிக் மாரியப்பன் ஜாக்கியில் ஏற்றி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். "கடக்" என்றது. பக்கவாட்டில் ஆட்டினான். அங்கேயும் "கடக்". கிண்ணத்துக்குள் குண்டு போல இருந்து சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கோடு சக்கரத்தைப் பிணைக்கிற டை ராடு எண்ட், இரண்டும் தேய்ந்திருந்தன. ரப்பர் உறை கிழிந்து உள்ளே மண் புகுந்து, அம்மியில் வைத்து அரைத்தது போல அரைத்திருக்கிறது. சுற்றிலும் இறுகிப்போயிருந்த மண்தான் இத்தனை நாளும் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தது.

டை ராடு போனால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்து படுத்துவிடும். இந்த நிலையில் அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகிற பல்லுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி. நயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சியே சக்கரத்தை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "வரும்போது சத்தமில்லாம வந்த வண்டிய தண்ணியடிச்சுக் கெடுத்துப்போட்டு, இப்ப ஜாயின்ட்டு போச்சுன்னு சொல்லுதீங்களே, இது நியாயமா தம்பி?"

கேட்காத சாமான்

அவர் போய்விட்டார். எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த வண்டிக்கு அளவு பார்க்கும்போதும் கண்ணுக்குள் சாத்தூர் நாலுவழிச் சாலைதான் நின்றது. பக்கத்தில் லாரி, நடுசீட்டில் வயிறும் வளையலுமாக ஒரு பெண், இடது சக்கரம் மடிகிறது. அவர் வேறு கடைக்குப் போயாவது மாற்றிவிட வேண்டுமே என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

மனசு கேட்கவில்லை. மதுரைக் கடைக்குப் போன் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் பால் ஜாயின்ட்டும் டை ராடு எண்டும் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்து மேஜை மேல் வைத்தேன். யார் வண்டிக்கு என்று மாரியப்பன் கேட்டான். சொன்னேன். அட்டைப்பெட்டியை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

"பொண்ணே தர மாட்டேன்னுட்டுப் போயிட்டாக, நீங்க பந்தல் போட்டுட்டீங்களேண்ணே!" என்றான்.

போனை எடுத்தவர்

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் சம்சாரம் சண்முகத்தாய் எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. புளியோதரைக்குப் புளி காய்ச்சுகிறார்களாம். அண்ணாச்சி வெற்றிலை வாங்கப் போயிருந்தார். வைத்துவிடலாமா என்று நினைத்தேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் ஜாயின்ட், தேய்மானம், ரப்பர் என்று ஏதேதோ உளறிக்கொண்டே போனேன்.

அந்த அம்மா நடுவில் மறித்து, "அதெல்லாம் எனக்கு விளங்காது தம்பி. அதுல எம்மகள ஏத்தலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். "நானா இருந்தா என் பிள்ளைய ஏத்த மாட்டேன் மதினி" என்றேன். அடுப்பைத் தணிக்கச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார்: "அவிய கேக்க மாட்டாவ தம்பி, வண்டியக் கொண்டுதான் வருவாவ. அப்ப சோறு வண்டியில வரட்டும், உசுரெல்லாம் பஸ்ல வந்துரும்."

தனியாக ஓட்டியபோது

வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலிலேயே நின்றேன். எட்டயபுரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று கடந்தது. ஜன்னலில் சண்முகத்தாயும் நாலைந்து பட்டுச்சேலைகளும் தெரிந்தன. பஸ்ஸுக்குப் பின்னால் அந்தப் பெரிய வண்டி ஒத்தையில் ஊர்ந்து வந்தது. உள்ளே அண்ணாச்சியும் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களும் மட்டும்தான். வண்டி என் கடையைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி என் வாசலுக்குள் நுழைந்தது.

அண்ணாச்சி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. நான்தான் கதவைத் திறந்தேன். வேட்டியெல்லாம் வியர்வை.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவிய எல்லாம் ஏறிட்டா ஒரே பேச்சும் சிரிப்புமா வரும், ஒண்ணும் கேக்காது. இன்னைக்கு ஒத்தையில வாரேன் தம்பி, எட்டயபுரம் தாண்டுனதுலருந்து அது எங்கிட்டப் பேசிக்கிட்டே வருது."

கையோடு வந்தது

பாத்திரங்களை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி சாத்தூருக்கு அனுப்பினோம். வளையல் போடுகிற நேரத்துக்கு அண்ணாச்சியை அனுப்பியாக வேண்டும். மாரியப்பன் அடியில் படுத்தான். இடது பால் ஜாயின்ட்டின் நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கழற்றினான். வழக்கமாகக் கிண்ணமும் குண்டும் ஒட்டியபடி ஒரே சாமானாகத்தான் வரும். இது வரும்போதே குண்டு தனியாக அவன் கையில் வந்துவிட்டது.

கழற்றிய சாமானை வண்டிக்காரரிடம் காட்டுவது எங்கள் கடை வழக்கம். அன்றைக்கு அதைக் காட்ட எனக்கே பயமாக இருந்தது. அண்ணாச்சி தானாகவே கையை நீட்டி வாங்கினார். குண்டைக் கிண்ணத்தில் வைத்தார். நிற்கவில்லை, விழுந்தது. திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது.

"இதுமேலயா எம்மகள உக்கார வைக்கப் பாத்தேன்?" என்றார்.

சத்தமில்லாத வண்டி

இரண்டு பக்கமும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பிவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் அதே வண்டி திரும்பவும் என் வாசலில் வந்து நின்றது. நடுசீட்டில் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மகள், பக்கத்தில் சண்முகத்தாய். அண்ணாச்சி குதித்திறங்கி ஓடி வந்தார். "தம்பி, ஒரு சத்தமும் இல்லாம வருது. எனக்குப் பயமா இருக்கு. திரும்ப ஒருக்கா ஆட்டிப் பாத்துருங்களேன்" என்றார். நானே ஏறி பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இறங்கி நாலு சக்கரத்தையும் தானே உதைத்துப் பார்த்தார்.

மகள் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்: "சித்தப்பா, சாத்தூர்லருந்து அப்பா உருட்டிக்கிட்டே வாராக, சைக்கிள்காரன்லாம் முந்திப் போயிட்டான். எனக்கு வலி வாரதுக்குள்ள ஊரு போய்ச் சேருவோமான்னு மட்டும் அவிககிட்டக் கேட்டுச் சொல்லுங்க!"

பயமில்லாமல் ஓட்டுகிறவரைப் பயப்பட வைப்பதும், அப்படிப் பயந்துபோனவரைத் திரும்ப ஓட்ட வைப்பதும்தான் எங்கள் பிழைப்பு, நடுவில் நேரம் கிடைத்தால் கொஞ்சம் அலைன்மென்ட்டும் பார்க்கிறோம்.