இரண்டு பேரிடம் கேட்பவள்

அவன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நாளொன்றுக்கு நூற்றுப் பத்து வண்டிகளை ஷெட்டிலிருந்து வழியனுப்புகிறவன். தானே ஒரு வண்டியில் ஏற வேண்டுமென்றால் மட்டும் பயம். கல்யாணமான புதிதில் மனைவியோடு போன முதல் பயணத்தில், மூன்று மணி நேரமும் மேலே வைத்த பெட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கியதும் அவள் கேட்டாள். "வழியில ஒரு ஏரி வந்துச்சே, பாத்தீங்களா?"

"பெட்டி பத்திரமா வந்துச்சுல்ல, அது போதும்."

"அப்ப பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கலாமே. நாம எதுக்கு?"

அதற்குப் பிறகு அவன் அதிகம் எங்கும் போகவில்லை. அவள் போனாள்.

ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவளுக்கு வேலை. வெளுத்து வருகிற விரிப்புகளைக் கிழிசல் பார்த்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, எந்நேரமும் சோப்பு வாசனை. அங்கிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஒரே ஒரு பையோடு கிளம்பிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒத்தப்பை'.

அந்தப் பையைக் கட்டி முடித்ததும் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்குவாள். மூச்சு வாங்கினால் ஒரு துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். கீழ்வீட்டுக்காரி முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் சண்டையா?" என்று விசாரித்தாள்.

கிளம்புகிற அன்று கட்டிலில் துவைத்த விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். "திரும்பி வர்றப்ப நாமளும் விருந்தாளிதானே" என்பாள். அலுத்து வருகிறவன் கசங்கிய படுக்கையைப் பார்த்தால், பார்த்த ஊரெல்லாம் அந்த வாசற்படியிலேயே மறந்துபோய்விடும் என்பது அவள் கட்சி.

புது ஊரில் இறங்கினால் கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். வண்டிக்காரர்கள் கூவிக் கூவிக் கூப்பிடுவார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டு, கூட்டம் எந்தப் பக்கம் போகிறது, குடிக்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது, யார் அவசரமில்லாமல் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். எழுந்திருக்கும்போது பாதி ஊர் பழகியிருக்கும். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, பார்க்காமல் போகலாமா என்று யாராவது பதறினால், "அது எங்கயும் ஓடிப்போகாதுங்க" என்பாள்.

படுக்கும் முன் மூன்று வரி எழுதுவாள். காதில் விழுந்தது ஒன்று, மூக்கில் பட்டது ஒன்று, உதவி செய்த ஆள் ஒருவர். விடுமுறை நாட்களில் அவன் அந்த நோட்டை எடுத்துப் படிப்பான். 'பாலத்துக்கு அடியில் ஈர மரத்தூள் வாசனை. பெட்டிக்கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தார். எங்க ஊர் மழையில நீங்க நனையக் கூடாது என்றார்.' படம் பிடித்திருந்தால் இந்த ஆளை அவனுக்குத் தெரிந்திருக்காது. போகாத ஊர்களில் அவனுக்கு இப்படி நிறையப் பேரைத் தெரியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வழியோ நேரமோ, எதுவானாலும் இரண்டு பேரிடம் கேட்பாள். முதல் ஆள் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிற மாதிரி உறுதியாகச் சொன்னாலும் சரி, நகர்ந்து போய் இன்னொருவரிடம் அதே கேள்வியை முதல் முறை கேட்கிற முகத்தோடு கேட்பாள். அவன் கூடப் போன ஓரிரு தடவையும் இதற்காக வெட்கப்பட்டுத் தள்ளி நின்றிருக்கிறான்.

அவனுக்கு ஒரே அண்ணன். பதினான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா இறந்தபோது இவன் பஸ்ஸைத் தவறவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தான். வாசலில் அத்தனை பேர் முன்னால் அண்ணன், "ஊருக்கெல்லாம் பஸ் அனுப்புறவன், அப்பனுக்கு ஒரு பஸ் புடிக்கத் தெரியல" என்றான். செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பி வந்தவன்தான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, அப்பாவை என்கூட வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வர்றது கஷ்டம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு பத்துக்கு ஜங்ஷன்ல ரயில். அவரு சொல்லச் சொல்லலை. நானாத்தான் சொல்றேன்."

அதை விழுங்கி வைத்துக்கொண்டிருந்து, மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதுதான் மனைவியிடம் சொன்னான்.

"நேத்தே வாயைத் திறந்திருந்தா நேத்தே போயிருக்கலாம்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பையை எடுத்தாள். அவசரத்திலும் விரிப்பை மாற்றத் தவறவில்லை.

நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பலகையில் ஜங்ஷன் வண்டிக்கு ஒன்று பதினைந்து என்று போட்டிருந்தது. போனால் நாலேகாலுக்கு ஜங்ஷன். அவள் விசாரணை ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"எதுக்கும்மா? முப்பத்தோரு வருஷமா நான் இதைத்தானே பாக்குறேன்? அது ஷெட்டை விட்டுக் கிளம்புற நேரம். இங்க வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும். வா, டீ குடிக்கலாம்."

அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு வந்தாள்.

அவன் மேஜையில் இருக்கிற பட்டியலில் ஷெட் நேரம்தான் இருக்கும். நிலையத்து நேரம் வேண்டுமானால் அதோடு இருபதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வருஷமாகக் கூட்டிக் கூட்டி அவனுக்குக் கை தானாகக் கூட்டியது. ஆனால் பயணிகளுக்கு வைத்த பலகையில் ஷெட் நேரத்தை யார் எழுதுவார்கள்? ஒன்று இருபத்தைந்துக்கு அவர்கள் போய் நின்றபோது அந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் ஒரு நாயும் இருந்தன.

அடுத்த வண்டி இரண்டரைக்கு. போய்ச் சேர ஐந்தரை.

அவன் தூணில் சாய்ந்துகொண்டான். "அவன் அன்னிக்குச் சொன்னது சரிதான். எனக்கு பஸ் புடிக்கத் தெரியல."

"உங்க தொழிலாச்சேன்னு நானும் கேக்காம விட்டுட்டேன். ஆளுக்குப் பாதி தப்பு. உங்க பாதியை அப்புறம் அழுதுக்கலாம். இப்ப பையைப் பாத்துக்குங்க."

ஜன்னலில் கேட்டாள். வேறு வண்டி இல்லை என்றார்கள். பிறகு பெஞ்சுப் பக்கம் போனாள். அங்கே கண்ணாடி வியாபாரி ஒருவர், வைக்கோலில் சுற்றிய ஜன்னல் கண்ணாடிகளை முழங்காலில் சாய்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அஞ்சு பத்து ரயிலைப் புடிக்கணும். ஜங்ஷனுக்கு எப்படிப் போறது?"

"ஜங்ஷன்ல போய் ஏன் புடிக்கிறீங்க? அந்த ரயிலே இந்தப் பக்கமாத்தானே வருது. அந்த ரோட்டுல பஸ்ல போனா கண்ணாடி மிஞ்சாது, நான் ரயில்லதான் கொண்டுபோறது. ஏழாம் நம்பர் டவுன் பஸ்ல ஏறுங்க, ஒரு மணி நேரத்துல சின்ன ஸ்டேஷன். நாலு இருபத்தஞ்சுக்கு வந்து நிக்கும்."

சின்ன ஸ்டேஷனில் ஒரே ஒரு வேப்பமரம், ஒரே ஒரு பெஞ்சு. மனைவி உட்கார்ந்துவிட்டாள். அவன் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டான். நாலு இருபத்தைந்து என்றார். வெளியே வந்து, நடைமேடை கூட்டிக்கொண்டிருந்தவரிடமும் கேட்டான். "நாலு இருபத்தஞ்சு. எப்பவாவது முப்பது ஆகும்" என்றார் அவர். திரும்பிப் பார்த்தான். மனைவி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் அவள்தான் எடுத்தாள். ஜங்ஷனுக்கு எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த ஸ்டேஷனுக்கு இரண்டு.

"ஜங்ஷன்தானேம்மா?"

"அங்க வண்டி பத்து நிமிஷம் நிக்கும். உங்களுக்குத் தொண்டையைச் செருமவே பத்து நிமிஷம் ஆகும். எப்பப் பேசுவீங்க?"

அண்ணன் மகனுக்குப் போன் போட்டுப் பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் கேட்டாள். "அப்பாகிட்ட சொல்லாதேப்பா" என்று வைத்தாள்.

ரயில் நாலு முப்பதுக்கு வந்தது. முன்பதிவுப் பெட்டியில் ஏறி அண்ணனின் இடத்தில் அவனை உட்காரவைத்தாள். பரிசோதகர் வந்து டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கதை அளக்கவில்லை. "இந்த சீட்டுக்காரரு இவரோட அண்ணன். பதினாலு வருஷமாப் பேச்சு இல்லை. ஜங்ஷன்ல ஏறுறாரு. அடுத்த ஸ்டேஷன்ல நாங்க இறங்கிடுவோம்."

பரிசோதகர் அவனையும் பார்த்தார். "யார் மேல தப்பு?"

"ரெண்டு பேரும் என்னைக் கேக்கலைங்க."

அவர் டிக்கெட்டில் கூடுதலுக்கு ஏதோ கிறுக்கி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜங்ஷன் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலைகள் ஓடின. எழுந்து நிற்கலாமா என்று பார்த்தான், பிறகு உட்கார்ந்தபடியே பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். முதலில் ஒரு சாமான் பெட்டி உள்ளே வந்தது, பிறகு இன்னொன்று, ஐந்தாவதுக்குப் பின்னால் அண்ணன் மகன், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அப்பாவின் காதுகள்.

அண்ணன் இருக்கை எண்ணைப் பார்த்தான், பிறகு அதில் இருந்தவனைப் பார்த்தான்.

"நீ எப்படா வந்தே?"

"உனக்கு முன்னாடியே வந்துட்டேண்ணே."

அண்ணன் பெட்டிகளைத் தாண்டி வந்து, "தள்ளி உக்காரு" என்றான். இருவரும் ஒரு இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீதானேம்மா கூட்டிட்டு வந்தே? இவனா வந்திருக்க மாட்டான்."

"இல்லீங்க மாமா. அவரு பஸ்ஸை விட்டுட்டாரு. விடாம இருந்திருந்தா நடைமேடையில நின்னு கையை ஆட்டிட்டுப் போயிருப்போம்."

அண்ணன் முதலில் உதட்டைக் கடித்தான். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பக்கத்தில் இருந்தவனும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டான். வண்டி நகர்ந்தது. அவன் மணி பார்க்கவில்லை.