ஹெர் ப்ரோக்மன் விடுமுறை போன ஊர்

எங்கள் தெருமுனைப் பாண்கடைக் கதவில் ஆடி மாதம் பிறந்தால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'உர்லௌப்பில் இருக்கிறோம்' என்று பெரிதாக எழுதி, கீழே திரும்பி வரும் தேதியும் பக்கத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்றும் போட்டிருப்பார்கள். டுசல்டோர்ஃபில் இத்தனை வருடம் குடியிருந்தும் அந்தத் தாளைக் கண்டால் நான் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். உர்லௌப் என்றால் விடுமுறை. ஆனால் நம்முடைய விடுமுறைக்கு இல்லாத ஒரு மரியாதை அதற்கு இங்கே உண்டு. ஊரில் கடை பூட்டியிருந்தால் செத்தவீடோ திருவிழாவோ என்று ஊகித்துக்கொள்வோம். அவசரமென்றால் கடைக்காரர் வீட்டுப் படலையைத் தட்டிச் சாமான் வாங்கிவிடுவோம். இங்கே பல் வைத்தியர் உர்லௌப் போனால் பல்வலியும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆள் உர்லௌப்பில் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேட்கிறவன்தான் பண்பு தெரியாதவன்.

என் அண்ணை செத்த கிழமை ஹெர் ப்ரோக்மன் உர்லௌப்பில் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நல்லதாக ஒன்றும் வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்களுக்கு ஆறவேண்டிய காயம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அகதியாக வந்த புதிதில் என்னை ஒரு சின்ன நகரத்து முகாமில் போட்டார்கள். எனக்கு முன்பே வந்து என்னையும் கூப்பிட்டுவிட்ட குணமண்ணை ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்தார். கூடப்பிறந்தவர்கள் என்றாலும் ஆளுக்கொரு மாவட்டம். அவரவர் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது; தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்குக் கையெழுத்து வைக்கிறவர் ஹெர் ப்ரோக்மன், அதாவது திருவாளர் ப்ரோக்மன். சத்தம் போடாத மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே 'இல்லை' என்று சொல்வார். அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒரு கலண்டர் தொங்கும். ஒரு குன்று, அதன் மேல் ஓர் ஊர், ஊருக்குள்ளிருந்து வானத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கல் கோபுரங்கள். வருடம் முடிந்தும் அந்தப் படத்தை அவர் கழற்றவில்லை. எங்களைப் பாராமல் கோப்பைப் புரட்டுகிறவர், ஒரு முறை நான் அதைப் பார்ப்பதைக் கண்டு முகம் மலர்ந்தார். "இத்தாலி. தொஸ்கானா. ஒவ்வொரு கோடையும் அங்கேதான். அழகு, இல்லையா?" என்றார். "அழகு" என்றேன். மாவட்டத்தைத் தாண்ட முடியாதவனிடம் அதைக் கேட்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை.

ஒரு கோடையில் அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார். கலியாணம் செய்யாத மனிதர். இந்த நாட்டில் அவருக்கிருந்த ஒரே இரத்த உறவு நான். கொள்ளி வைக்க வேண்டியவனும் நான். அலுவலகத்துக்கு ஓடினேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அனுதாபத்தோடுதான் சொன்னாள்: ஹெர் ப்ரோக்மன் உர்லௌப்பில், அவருடைய கோப்புகளில் வேறு ஆள் கையெழுத்து வைக்க ஏலாது, அடுத்த டெர்மின், சந்திக்கும் நேரம், அவர் வந்த பிறகு. அண்ணை செத்துப்போனார் என்று திரும்பவும் சொன்னேன். மொழி சரியில்லையோ என்று நினைத்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடியும் காட்டினேன். அவள் தலையசைத்தாள். விளங்கியிருந்தது. அவளுக்கு மேலே, திறந்திருந்த கதவு வழியாக, அந்தக் கோபுரங்கள் தெரிந்தன.

போயிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். அதற்கு முந்திய மாதம்தான் எல்லை தாண்டிய ஒரு பொடியனைப் புகையிரத நிலையத்தில் பிடித்து, அவனுடைய அன்ட்ராக்கை, அகதி விண்ணப்பத்தையே, தூக்கி எறிந்திருந்தார்கள். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்த காலம் அது. ஸ்டுட்கார்ட்டில் தகனசாலைப் பொத்தானை அமத்தியது அண்ணையோடு ஒரே அறையில் இருந்த கானா நாட்டு மனிதர். அவர் நன்றாக இருக்கட்டும். உர்லௌப் முடிந்து வந்த ஹெர் ப்ரோக்மன், வெயிலில் சிவந்த மூக்கோடு, நான் கொடுத்திருந்த பயண அனுமதித் தாளைப் பார்த்து, "இது இப்போது தேவையில்லைதானே" என்று மடித்து வைத்தார். அன்றைக்குச் சத்தியம் செய்தேன். உன் கலண்டர் ஊருக்கு ஒரு நாள் வருவேன். வந்து, அங்கே வைத்து என் அண்ணைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். உன் சொர்க்கத்தை என் செத்தவீடாக்குவேன்.

போன வருடம் என் மகள் ஆரணி பான் நகரில் வேலையில் சேர்ந்து, தாயையும் என்னையும் எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்று நின்றாள். எங்கே விருப்பம் என்று கேட்டாள். ஊருக்கு என்பேன், மிஞ்சினால் சுவிஸ் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் கோபுரங்களின் ஊரைச் சொன்னேன். சான் ஜிமிஞானோ. கலண்டரின் அடியில் இருந்த பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாளையும் நானே குறித்தேன், அண்ணையின் திதியைப் பார்த்து. என் மனைவி சுகந்திக்குக் கதை தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எள்ளைத் தாளில் சரையாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஒலிவ் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். சூரியகாந்திகள் தலை கவிழ்ந்து நின்றன. அறுத்து முடிந்த கோதுமை வயல்கள் வெளிறிக் கிடந்தன. சில்வண்டுகள் மத்தியானம் முழுக்க விடாமல் கத்தின. வீட்டுக்காரி காலையில் பாண் கொண்டுவந்து வைத்தாள். வாயில் போட்டால் சப்பென்றிருந்தது. இந்தப் பக்கத்தில் பாணுக்கு உப்பே போடுவதில்லையாம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சுகந்தி முணுமுணுத்தாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, உப்பே இடாதவர்களுக்கு நான் எதற்கு நன்றியோடு இருக்க வேண்டும்? எந்த ஊருக்குப் போனாலும் குறை கண்டுபிடித்தேன். சியெனாவின் சதுக்கம் சாய்வு என்றேன். வோல்தெராவில் காற்று கூடிப்போச்சு என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த மண்குன்றுகள் மாலை வெயிலில் நிறம் மாறியபோது கண்ணெடுக்காமல் பார்த்து நின்றேன், அப்படி நின்றதற்காக என் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் ப்ரோக்மனின் கணக்கிலேயே எழுதினேன்.

திதியன்று காலை காரில் போகும்போது ஒரு வளைவில் அந்தப் படம் எழுந்து நின்றது. அதே குன்று, அதே கோபுரங்கள், முன்னால் அதே திராட்சைக் கொடிகள். "நிப்பாட்டு பிள்ளை" என்றேன்.

"இஞ்ச நிப்பாட்ட ஏலாது அப்பா. வளைவு."

"நிப்பாட்டு எண்டு சொல்லுறன்."

நிறுத்தினாள். இறங்கி நின்று பார்த்தேன். ஆரணி பின்னால் வந்து என்ன என்று கேட்டாள். அந்த வீதியோரத்தில் வைத்துத்தான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தாள் இப்ப பென்சன் எடுத்திருப்பார் அப்பா. உங்கட முகமும் ஞாபகம் இராது."

"அதுக்குத்தான் வந்தனான்" என்றேன்.

இந்தக் கோபுரங்களின் கதையையும் அவள்தான் தொலைபேசியில் பார்த்து வாசித்தாள். அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பகையாம். அடுத்தவன் கட்டினால் அவனைவிட உயரமாகக் கட்ட வேண்டும். இடமில்லாத ஊரில் மேலே மேலே போனார்கள். எனக்கு அந்த ஊரின் மேல் முதல்முறையாக ஓர் அன்பு வந்தது. வஞ்சத்தைக் கல்லில் கட்டி வைத்த மனிதர்கள். ப்ரோக்மன் ஒவ்வொரு கோடையும் வந்து வாயைப் பிளந்து பார்த்தது இதைத்தான்.

ஊருக்குள் ஒரு பூக்கடையில் அண்ணைக்காகச் சிவப்பு ரோசாக்கள் வாங்கினேன். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடை வரிசையைத் தாண்டும்போது ஒரு ஜெர்மன் அம்மாள், நான் அவளைப் பார்க்கக்கூட இல்லை, கையை ஆட்டி "நைன், டாங்கே" என்றாள். வேண்டாமாம். இத்தாலியில் பூக்கொத்தோடு திரிகிற கறுத்த ஆள் வேறென்ன செய்வான்? நின்றேன். என்னிடமிருந்த மிகச் சிறந்த ஜெர்மனை எடுத்தேன். "அம்மணி, நான் எதையும் விற்கவில்லை. நானும் உங்களைப் போல உர்லௌப்பில் வந்திருக்கிறேன்." அவள் முகம் ரோசா நிறமாயிற்று. கணவர் காலணியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் வெல்லக்கட்டி போல இனித்தது, மறைக்க மாட்டேன்.

ஊரின் நடுச் சதுக்கத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. சுற்றிவரக் கற்படிகள். படிகள் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். ஒரு மூலையில் இடம் பிடித்து, அண்ணையின் படத்தைச் சாத்தி வைத்தேன். வந்த புதிதில் எடுத்தது. மண்ணிற ஜாக்கெட், அடர்ந்த மீசை. ரோசாவை வைத்தேன். ஐயரில்லை, தர்ப்பையில்லை. உள்ளங்கையில் எள்ளைப் போட்டேன். சுகந்தி போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்ற, பெருவிரல் பக்கமாக வழியவிட்டேன். அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர், பிறகு குணரத்தினம் என்று அண்ணையின் பெயர். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. காகம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புறாக்கள் வந்தன, ஒரு படையாக. எள்ளைப் போட்டிபோட்டுப் பொறுக்கின.

புறாக்களுக்குப் பின்னால் சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். நகரக் காவலர். "நோ! நோ பிச்சோனி!" என்று விரலை ஆட்டினாள். புறாவுக்குத் தீனி போடுவது குற்றமாம். நான் படத்தைக் காட்டி, தெரிந்து வைத்திருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: "ஃப்ரத்தெல்லோ." சகோதரன். அவள் படத்தைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள், சட்டென்று குரல் மாறி ஆரணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகக் கேட்டாள். கை இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தது.

"அப்பா, பெரியப்பா சனத்துக்க துலைஞ்சிட்டார் எண்டு நினைக்கிறா. ஆக்களை விட்டுத் தேடப்போறாவாம். எத்தினை வயசு, என்ன உடுப்பு எண்டு கேக்கிறா. நான் சொல்லுறன், இல்லை எண்டு."

"பொறு" என்றேன். "மண்ணிற ஜாக்கெட் எண்டு சொல்லு."

"அப்பா!"

"மீசை. வயசு முப்பத்தொண்டு. கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பார். சொல்லு பிள்ளை."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சீருடை போட்ட ஒருத்தி என் அண்ணைக்காக அவசரப்பட்டாள். எனக்கு அது இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அவள் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், உண்மையாகவே பார்த்தாள். சுகந்திதான் பொறுக்காமல் என் தோளைப் பிடித்தாள். "காணும். அந்தப் பிள்ளையைப் பேய்க்காட்டாதேங்கோ." ஆரணி உண்மையைச் சொன்னாள். காவலர் வாக்கிடாக்கியை இறக்கினாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு ஆரணியிடம் இரண்டு வசனம் சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி, படியில் ஏற வந்தவர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

"ஆறுதலா முடிக்கட்டாம்" என்றாள் ஆரணி. "ஆனா மிச்ச எள்ளைக் கூட்டி அள்ளோணுமாம்."

அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு பார்வை, இரண்டு வசனம். மாவட்டத்து யன்னலில் அது அன்றைக்குக் கிடைத்திருந்தால் நான் இந்த ஊருக்கு வந்திருக்கவே தேவையில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ப்ரோக்மன் மேல் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கிணற்றடியிலிருந்து நேரே தபாலட்டைக் கடைக்குப் போனேன். கலண்டர் படம் அங்கே அட்டையாக இருந்தது. ஹெர் ப்ரோக்மனின் விலாசம் எனக்கு மறக்காது. முகாமில் இருந்த காலத்தில் எங்களைக் கொண்டு தெருவில் இலை கூட்டுவிப்பார்கள், அவர் வீட்டு வாசலையும் கூட்டியிருக்கிறேன். இன்றைக்கும் அதே வீடுதான், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறாராம். அங்கேயே தங்கிவிட்ட ஒரு நண்பர் சொன்னார். சுவரில் வைத்து எழுதினேன்:

'மதிப்புக்குரிய ஹெர் ப்ரோக்மன், நீங்கள் இந்த ஊரில் இருந்த கிழமை என் அண்ணையை எரித்தார்கள். அவர் பெயர் குணரத்தினம். அவருடைய சடங்கை இன்று இங்கே, கிணற்றடியில் செய்து முடித்தேன். அழகான ஊர். உர்லௌப் வாழ்த்துகள்.'

கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். அவர் ஒருபோதும் சரியாக உச்சரிக்காத பெயர். பிறகு தட்டிலிருந்த அதே அட்டைகளை எல்லாம் அள்ளிக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

"உவ்வளவும் ஆருக்கு?" என்றாள் சுகந்தி.

"அந்தாளுக்குத்தான். வருசம் ஒண்டு. இதே கிழமையில போய்ச் சேரோணும்."

"அந்த மனிசன் இன்னும் எத்தினை வருசம் இருக்கும் எண்டு நினைக்கிறியள்?"

"இருக்கிற மட்டும்."

"டுசல்டோர்ஃபில இருந்து போட்டா முத்திரை ஜெர்மன் முத்திரையா இருக்குமே அப்பா" என்றாள் ஆரணி.

நான் அதை யோசிக்கவில்லை. "அப்ப இஞ்ச வந்து போடுவம்."

"ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "அந்தாளும் அப்பிடித்தானே அப்பா வந்தவர்" என்றாள்.

தபால் பெட்டியைத் தேடிப் போனேன். ஊரின் வாசலருகே சிவப்பாக ஒன்று சுவரில் இருந்தது. அதற்கு இரண்டு வாய். ஆரணி எழுத்துகளைத் தொலைபேசியில் காட்டி வாசித்தாள்: ஒன்று இந்த ஊருக்குள் போகிற கடிதங்களுக்கு, மற்றது வேறு எல்லா இடங்களுக்கும். பிறந்த ஊருக்குப் போய் எத்தனையோ வருடமாயிற்று. போக நினைக்கிற போதெல்லாம் ஏதாவதொரு காரணம் வந்துவிடும். எதிரியின் ஊருக்கு மட்டும் சாகும்வரை வருவதாக இப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். அட்டையைக் கையில் பிடித்தபடி இரண்டு வாய்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபுரத்து மணி அடித்தது. மற்ற எல்லா இடங்களுக்குமான வாய்க்குள் அட்டையைத் தள்ளினேன். அது விழுகிற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.