இளநீர் தரமுடியாத வீட்டுக்காரர்

என் தங்கைக்குச் சீதனமாகக் கொடுக்க, ஐயா தெல்லிப்பழையில் ஒரு கல்வீட்டை விலை பேசினார். அதை விற்க வந்த வீட்டுக்காரப் பெரியவர் அதன் முற்றத்திலேயே நின்று தம் குலப்பெருமையை நெடுநேரம் முழங்கினார். விவாத மேடைகளிற் பழகிய என் செவிக்கு அது சரக்கற்ற பேச்சாகவே பட்டது. ஐயாவோ தம் சேமிப்பு முழுவதையும் மடியில் முடிந்து வந்திருந்தார். அச்சாரம் கொடுக்க முடிச்சையும் அவிழ்த்துவிட்டார்.

வெயில் கடுமையாக இருந்தது. "ஒரு இளநி பிடுங்கித் தாருங்கோ," என்றேன்.

முற்றத்துத் தென்னைகள் காய்த்துக் குலுங்க, பெரியவர் முகம் கறுத்தது. "உது சப்பைத் தண்ணி, தம்பி. கடையிலை சோடா எடுப்பிக்கிறன்."

நான் காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்தேன். வேலிக்கு அப்பாலிருந்து அயல்வீட்டுக்காரர் சத்தமிட்டார்:

"ஆரது? வீடும் வளவும் எனக்கு ஒற்றி. கடன் தீருமட்டும் காய் என்ரை. எனக்குச் சொல்லாமல் விக்கவும் ஏலாது."

"சொல்லத்தான் இருந்தனான்," என்று பெரியவர் முனகினார்.

"எப்ப? என்ரை தங்கச்சி குடிவந்த பிறகோ?" என்றேன்.

ஐயா மடியை இறுக முடிந்துகொண்டார். தம் முற்றத்துக் காயைத் தொடும் உரிமையற்றவர் மண்ணையே விற்கத் துணிந்த இழிவுக்கு, நான் கற்ற வசைமொழிகள் போதவில்லை.

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால், உறுதிப் பத்திரத்தைக் கேட்குமுன் இளநீர் கேட்கிறேன். அதைக் குடித்த பின்னரே விலை பேசுகிறேன்.