அக்காவுக்கு வந்த வியாதி

இன்றைக்கு அக்காவின் கருமாதி முடிந்து வரும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "அக்காவுக்கு என்ன வியாதிங்க?"

"வயசுதாங்க" என்றேன். சொன்னதும் பழைய வியாதி ஒன்று ஞாபகம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். அத்தான் அடித்து அக்காவின் கை உடைந்து, நோர்வூட் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தானும் கூடவே வந்தார்.

"மலையில வழுக்கி விழுந்துட்டா மிஸ்ஸி" என்று நர்ஸிடம் அவரே முந்திக்கொண்டார்.

மிஸ்ஸி அக்காவின் கழுத்தில் இருந்த விரல் தடங்களைப் பார்த்தார். "பொம்பளைச் சமாச்சாரம் கொஞ்சம் கேக்கணும்" என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆம்பளைகள் அந்தப் பேச்சு வந்தால் நிற்கமாட்டார்கள். அத்தான் வெளியே ஓடிவிட்டார்.

அக்காவோடு நான் மட்டும் நிற்க, மிஸ்ஸி கதவைச் சாத்தினார். "யாரு அடிச்சது, தங்கச்சி?"

அக்கா அழுதாள். "என்னை அனுப்பிராதீங்க மிஸ்ஸி. கொன்னுருவாரு."

மிஸ்ஸி வெளியே போய், "கர்ப்பப்பையில கோளாறு. வார்டுல இருக்கணும். ஆம்பளைங்க பாக்க வரக்கூடாது" என்றார்.

அத்தான் வாசல் பக்கமே வரவில்லை. சேதி போய், கொத்மலையிலிருந்து அப்பா வந்து அக்காவைக் கூட்டிப்போனார். அவள் அத்தானிடம் திரும்பவே இல்லை.

அந்த மிஸ்ஸி எங்கிருந்தாலும் கும்பிடுகிறேன். இல்லாத வியாதி ஒன்றைக் கொடுத்து அக்காவை இத்தனை வருஷம் வாழவைத்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நல்ல வியாதி வந்திருக்கிறதா?