நான்கு இன்ஜெக்டர்களும் ஒரு சந்தேகமும்

என் கணவர் வளைகுடா வேலைக்குப் போன பிறகு வேனை நானே ஓட்ட ஆரம்பித்தேன். எங்கள் ஊரான சிக்கலிலிருந்து தேவிபட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் திதி கொடுக்கப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் என் சவாரி. வேன் கரும்புகை கக்கத் தொடங்கியதும் ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டன, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார் மெக்கானிக்.

கணவருக்குப் போன் செய்தேன்.

"பொம்பள தனியா வந்திருக்குன்னா பழசத் தொடைச்சுப் புதுசுன்னு மாட்டி விட்ருவாய்ங்க. அங்கனயே நின்னு பாத்துக்க," என்றார்.

நின்றேன். மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். "வெயில்ல ஏன்க்கா நிக்கிறீங்க, வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க," என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடியது. புது இன்ஜெக்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் பொடிப்பொடியாக எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. நான் படம் எடுப்பதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்கு உறுத்தியது.

நான்கையும் மாட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"இன்ஜின் கம்ப்யூட்டர்ல பழசை அழிச்சிட்டுப் புதுசு ஏத்தணும்க்கா."

அழிப்பது என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. பத்து நாளில் மறுபடி ரிப்பேர் வருகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து வைத்துவிடுவார்கள் என்று வேன் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொல்லியிருந்தார். மெக்கானிக்குக்குப் போன் வந்தது. ஸ்கேனரை சீட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை ஆஃப் செய்தேன். கோடு நின்றுவிட்டது. உடனே பயம் வந்து சாவியைத் திரும்பவும் போட்டேன். அவர் பேசியபடியே வந்தார், திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ஒயரைப் பிடுங்கி, "முடிஞ்சதுக்கா," என்றார்.

மறுநாள் எங்கள் ஊரிலிருந்து ஒரு வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் கிளம்பினேன். ராமநாதபுரம் வருவதற்குள் வண்டி நின்ற இடத்திலெல்லாம் உதறியது. இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். "வண்டி இருமுதேம்மா," என்றார் பெரியவர். அவர்களைத் தேவிபட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

"புதுசக் காட்டிட்டுப் பழசத்தான மாட்டியிருக்கீங்க?"

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. இன்ஜின் மூடியைக் கழற்றினார். "உங்க போட்டோவ எடுங்க."

இன்ஜெக்டர் தலைகளைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். நான்கும் என் படத்தில் இருந்தவைதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "டீசல் எங்க போட்டீங்க? வேற யாரும் வண்டியில கை வச்சாகளா?"

"இல்ல," என்றேன்.

ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த எண்கள் எதுவும் என் படத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் பீய்ச்சுகிற அளவு கொஞ்சம் வித்தியாசப்படுமாம். அந்த அளவைத்தான் தலையில் பொறித்திருக்கிறார்களாம். பழைய இன்ஜெக்டர்களே இருப்பதாக நினைத்து, கம்ப்யூட்டர் அந்தக் கணக்கிலேயே டீசல் விட்டுக்கொண்டிருந்தது.

"ஏத்துனேனே," என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில்தான் கோளாறு என்று முணுமுணுத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி அந்தக் கருவியோடு போயிருக்கும்.

"நேத்து நாந்தான் தம்பி சாவிய ஆஃப் பண்ணுனேன். நீங்க போன் பேசப் போனப்ப."

அவர் ஸ்கேனரை சீட்டில் வைத்தார். "ஏன்க்கா?"

"ஏதோ திருட்டுத்தனம் பண்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கேட்டிருந்தா ஸ்கிரீனக் காட்டியிருப்பேன்," என்றார். சற்றுக் கழித்து, "நானும் ஏறிருச்சான்னு பாக்காமப் பிடுங்கிட்டேன்," என்றார்.

படத்தைப் பெரிதாக்கி நான் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, அவர் ஏற்றினார். ஓரிடத்தில் அது எட்டா, ஆங்கில 'பி'யா என்று இருவருக்கும் சந்தேகம் வந்தது. இன்ஜினில் நேரே பார்த்து எட்டு என்று முடிவு செய்தோம். கோடு முழுதாக நீளும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவரே சாவியை ஆஃப் செய்து, சிறிது நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தார். உதறல் நின்றிருந்தது.

வீட்டுக்கு வரும்போது ரேடியோ போடவில்லை. உத்தரகோசமங்கை தாண்டும்வரை ஜன்னலை இறக்கிவிட்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் புகை வருகிறதா என்று பார்த்தேன்.