ஸ்டெப்னிக்கு ஊசி போட்ட நர்சம்மா

இல்லை நர்சம்மா, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூனையைக் கொல்லப் பார்த்தவன் நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். சர்க்கரை நோய் வந்த பூனையின் வாயில் விரல் விரலாகத் தேன் தடவியது யார்? நானா, நீங்களா? இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வழக்கம் போல நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டீர்கள்.

படிக்கிறவர்கள் மன்னிக்கவும். நாளை மறுநாள் நர்சம்மாவுக்குக் காரியம். வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய அண்ணன் மகள் செல்வி கேட்டாள். "ஒழுங்கா எழுதுங்க மாமா, கிண்டல் வேணாம்" என்றும் சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டியே தலை நரைத்தவன். எழுத்துப் பிழையைச் செல்வி திருத்திக்கொள்வாள். கிண்டலைத் திருத்த நர்சம்மாவாலேயே முடியவில்லை, அவளால் எப்படி முடியும்?

அன்று புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வேகவைத்த கோழியைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டெப்னி உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி என் பூனை. காலையும் மாலையும் ஆறு மணிக்கு அதற்கு இன்சுலின் ஊசி. போடுகிறவர் நான்கு வீடு தள்ளி இருக்கும் நர்சம்மா. போன் அடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து செல்வி. "மாமா, அத்த எறந்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல மயங்கி வுழுந்தாங்களாம். ஆஸ்பத்திரில ஹார்ட்டுன்னு சொல்றாங்க." அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "ஆறு மணிக்கு ஊசி போடணுமே" என்றேன்.

மலையில் இருப்பவர்களுக்கு நர்சம்மாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய கையில் அவர் போட்ட ஊசியின் தழும்பு இருக்கும். ஒரு தடவை தடுப்பூசி போட அவரை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊருக்குப் போனேன். ஒரு பொம்பளை தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமைக் காட்டுக்குள் ஓடிவிட்டாள். நர்சம்மா பின்னால் ஓடவில்லை. காட்டோரம் உட்கார்ந்து, அங்கே குவித்திருந்த கதிரை எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. ஜீப்பிலிருந்து விடாமல் ஹாரன் அடித்தேன். எழுந்து வந்தார், சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார், மறுபடி போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பிள்ளையே நடந்து வந்து அவர் மடியில் கதிரைப் போட்டது.

மலை இறங்கும்போது அவர் சொன்னது: "பயந்த ஒடம்புல ஊசி போடக் கூடாது டிரைவரே. பயம் போனப்புறம்தான் மருந்துக்கு எடம் கெடைக்கும்."

"அப்ப எனக்கு ஒரு ஊசி போடுங்க. பசியில பயமே இல்ல" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் முன்னால் சிரித்தால் நான் இன்னும் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

ரிட்டையர் ஆன பிறகு இரண்டு பேரும் சங்கராபுரத்தில் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தோம். நான் ஜீப் ஓட்டிய கடைசி வாரம், மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயருக்குள் ஒரு பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. அத்தனை வளைவையும் அதிலேயே உட்கார்ந்து இறங்கியிருக்கிறது. அதனால் அந்தப் பெயர். ஊரில் சின்னவீட்டையும் ஸ்டெப்னி என்பார்கள். தெருவில் நின்று "ஸ்டெப்னி, ஸ்டெப்னி" என்று கூப்பிட்டால் நர்சம்மா கதவைச் சாத்திக்கொள்வார். "வயசான காலத்துல வேற பேரே கெடைக்கலையா?" என்பார்.

அதற்கு நோய் என்று முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனது. "இது மூத்தரம் போன எடத்துல எறும்பு மொய்க்குது பாருங்க. எனக்கு வந்ததுதான் இதுக்கும் வந்திருக்குது" என்றார். அவருக்கும் சர்க்கரை. அவரும் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறவர்.

மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பூனையை வைத்துக் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ்சில் கொண்டு போனேன். பஸ் முழுக்க ஒரே கூத்து. கண்டக்டர் கூடைக்கும் டிக்கெட் கேட்டார். நான் கூடைக்குள் தலையை விட்டு நாய் மாதிரிக் குரைத்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை நானூறுக்கு மேல். பூனைகளுக்குப் பயத்திலும் சர்க்கரை ஏறும், வீட்டில் அமைதியாக இருக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள், அதன் பிறகு அளவு முடிவு செய்யலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் நர்சம்மா தன் சுகர் மிஷினோடு வந்தார். வெயில் விழும் ஜன்னல் கட்டையில் ஸ்டெப்னியை உட்கார வைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் அதன் காதைப் பிடித்திருந்து, காதோரம் ஒரே ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். நேற்றைய அளவைவிட நிறையக் குறைவு. ஆனாலும் நோய் நோய்தான். மிஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதான் பூனையோட சுகர். நேத்து ஜாஸ்தியா காட்டுனது நீங்க ஏத்துன சுகர்."

"நான் இன்னா பண்ணேன்?"

"பஸ்சுல நாய் மாதிரி கொரைச்சீங்களாமே. நீங்க வாய மூடினாலே அதுக்குப் பாதி எறங்கிடும்."

அளவைப் போனில் கேட்டதும் டாக்டர் இரண்டு யூனிட் என்றார். அன்றிலிருந்து நர்சம்மா வைத்த சட்டம் இது. முதலில் சாப்பாடு. அப்புறம் ஊசி. அவர் உள்ளே வந்ததிலிருந்து ஊசி முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. என் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மருந்து அவர் வீட்டு ஃபிரிட்ஜில், அவருடைய மருந்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாறிப் போகாமல் இருக்கப் பூனையின் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அதை எவர்சில்வர் டம்ளரில் வைத்து ஈரத்துணி சுற்றி எடுத்து வருவார். வாசலிலேயே ஒரு கேள்வி: "சாப்டுச்சா?" நான் தலையாட்ட வேண்டும். பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சும்மா இருப்பார். பிறகு தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியை விடுவார். ஸ்டெப்னி திரும்பிக்கூடப் பார்க்காது.

எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரு டஜன் சாத்துக்குடியைக் குத்தினேன். பூனை என்று வந்தால் கை நடுங்கும். "நாளைக்குப் போடறேன்" என்பேன். "உங்க நாளைக்கு எந்த வருசத்துல வரும்?" என்பார். ஊசி முடிந்த பிறகு, அடக்கி வைத்த பேச்சையெல்லாம் அவிழ்த்துவிடுவேன். ஏதாவது ஒரு கதையைத் தொடங்குவேன். பாதியில் அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "மிச்சத்தப் பூனகிட்ட சொல்லுங்க."

இனி அந்தத் தேன் விவகாரம். மலையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் எனக்குச் சாமை கொண்டுவந்து கொடுத்தார். சுகர்காரர்கள் அரிசியை விட்டுச் சாமைக்கு மாற வேண்டும் என்று ஊரே பேசுகிறது. மனிதனுக்கு நல்லது பூனைக்கு ஆகாதா? நர்சம்மாவுக்குத் தெரியாமல் பூனையின் சர்க்கரையை நானே இறக்கிக் காட்டி, அவரை மடக்க வேண்டும் என்று ஒரு ஆசை. ஒரு நாள் காலையில் கோழிக்குப் பதிலாகச் சாமைச் சோற்றில் மோர் ஊற்றி வைத்தேன். ஸ்டெப்னி முகர்ந்து பார்த்தது. பிறகு, தான் வெளிக்கு இருந்த இடத்தில் மண்ணைத் தள்ளி மூடுமே, அதே மாதிரி தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டியது. டம்ளர் சத்தம் கேட்டதும் சோற்றைக் காக்கைக்குக் கொட்டிவிட்டேன்.

"சாப்டுச்சா?"

தலையாட்டினேன். ஊசி போட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெப்னி குடித்தவன் மாதிரி நடந்தது. பின்னங்கால் பின்னியது. சுவரில் முட்டிக்கொண்டு சாய்ந்தது. கூப்பிட்டேன், கண் என்னைப் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன். நர்சம்மா கையில் மலைத்தேன் பாட்டிலோடு வந்தார். விரலில் தேனைத் தொட்டு அதன் ஈறில் தேய்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"சுகர் பூனைக்குத் தேனா? கொல்லப் போறீங்களா?"

"கைய வுடுங்க டிரைவரே! இன்னா சாப்டுச்சு காலையில?"

"சாமைச் சோறு."

"சாப்டுச்சா, வெச்சீங்களா?"

காக்கைக்குக் கொட்டிய இடத்தைக் காட்டினேன். வயிறு காலியாக இருக்கும்போது போட்ட ஊசி, உடம்பில் இருந்த சர்க்கரையையும் உறிஞ்சிவிட்டது என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவர் மறுபடி மறுபடி தேனைத் தடவினார். ஸ்டெப்னியின் நாக்கு மெல்ல அசைந்தது. தலையைத் தூக்கியது. டாக்டருக்குப் போன் போட்டார், அவர் சொன்னபடி கோழி வேகவைத்துக் கொடுத்துப் பக்கத்திலேயே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவே இல்லை. போகும்போது சொன்னார்: "எங்கிட்ட ஆயிரம் பொய் சொல்லுங்க டிரைவரே, கேட்டுக்கறேன். சாப்டுச்சான்னு கேட்டா மட்டும் பொய் சொல்லாதீங்க. கை நடுங்குறது, தள்ளாடுறது, இதெல்லாம் பாத்தா ஒடனே இனிப்பு. யோசிக்கக் கூடாது."

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். அதனால்தான் அடுத்ததை எழுதக் கை வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை வழக்கம் போல வந்தார். ஊசி போட்டு முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பனிக் காலை, ஆனால் அவர் நெற்றியில் வேர்வை. டம்ளர் பிடித்த கை ஆடியது.

"டிரைவரே, சக்கர போட்டு ஒரு வாய் டீ குடுங்க."

நான் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டம் காட்டினேன். "சுகர்காரங்களுக்குச் சக்கர டீயா? நர்சம்மாவே இப்பிடிப் பண்ணா ஊரு உருப்புடுமா? ஸ்டெப்னி, நீயே கேளு இத."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, தானே இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. செல்வி வீட்டுக்குப் போக வேண்டும், பஸ்சுக்கு நேரமாகிறது என்றார். நான் ஒரு கதையைத் தொடங்கினேன். "மிச்சத்தப் பூனகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஹார்ட் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்று காலை அவர் ஊசி போட்டுக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் என் வீட்டுக்கு வந்தாரா? எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கேட்கவில்லை. பூனைக்காகத் தினம் இரண்டு தடவை கேட்டவரை, ஒரு தடவைகூட "சாப்ட்டீங்களா?" என்று நான் கேட்டதில்லை.

செல்வி போனை வைத்து ஒரு மணி நேரத்தில் அவரைக் கொண்டுவந்தார்கள். வீட்டைத் திறந்து நடு அறையில் கிடத்தினார்கள். பொம்பளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய், அவரைத் தாண்டி, நேராக அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

அழுகை நின்றுவிட்டது. "இன்னா மனுசன் இவரு? சாவு வூட்டுல வந்து ஃபிரிட்ஜத் தொறக்குறாரு" என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில் இருந்தன. சிவப்பு நூல் கட்டியதை எடுத்தேன். நூல் இல்லாததை அங்கேயே விட்டேன். மேடைமேல் டம்ளர் கவிழ்ந்திருந்தது, அதன்மேல் துணி காய்ந்து கிடந்தது. செல்வி மட்டும் எழுந்து வந்து, துணியை நனைத்துப் பிழிந்து சுற்றிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க மாமா" என்றாள்.

ஸ்டெப்னி தட்டைக் காலி செய்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை, அழுதால் அது பயப்படும். பிறகு தோலைத் தூக்கி ஊசியை விட்டேன். கை நடுங்கவில்லை நர்சம்மா. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அந்த டம்ளர், காலையும் மாலையும் பத்து நிமிஷம் பேசாத வாய், ஒரு கேள்வி. இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் அதைக் கேட்கிறேன். கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று சிரிக்கிறார்கள். நல்லாயிருக்கட்டும்.

இதையெல்லாம் இன்று காலை ஊசி முடிந்ததும் ஸ்டெப்னிக்குப் படித்துக் காட்டினேன். மிச்சத்தை அதனிடம் சொல்லச் சொன்னது நீங்கள்தானே. தேன் வந்த இடம்வரை காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. டீ வந்த இடத்தில் முன்னங்காலை நக்கத் தொடங்கியது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுத வராத ஒன்றை வாயால் சொல்லப் பார்த்தேன்.

"நர்சம்மா, அன்னிக்கு அந்த டப்பாவ நான்..."

ஸ்டெப்னி எழுந்தது. உடம்பை நீட்டி முறித்தது. என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நான்கு வீடு தள்ளிப் பூட்டியிருக்கும் கதவைப் பார்த்து நடந்தது.